அரங்கம் என்றால் மேடை மட்டும்தானா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் 'சீரங்கம், சீரங்கம்' என்று கூவும் குரலை எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்தப் பெயருக்குள் ஒரு தீவு இருக்கிறது.

'அரங்கம்' என்றதும் மேடைதான் நினைவுக்கு வரும். ஆனால், ஆற்றின் நடுவே உள்ள திட்டுக்கும் அதுதான் பழைய பெயர். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஊர். கர்நாடகத்து ஸ்ரீரங்கப்பட்டணமும் காவிரித் தீவுதான்.

திருக்குறளின் கல்லாமை அதிகாரத்தில், வட்டாடக் கீறும் கட்டத்துக்குப் பெயர் அரங்கு. நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல்லும் பண்டமும் வைக்கும் உள்ளறையும் அரங்குதான். எல்லாமே எல்லை கட்டிப் பிரித்த இடங்கள்; உறவு அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கோடையில் பாலத்திலிருந்து பார்த்தால் வெறும் மணல். தீவென்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மேட்டூர் திறந்து இரண்டு ஆறும் நுரைத்து ஓடும் நாளில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.