ஆறு மலை தாண்டி ஒரு சுனை!

கோடை வந்தால் கிணறு வற்றும், குட்டை வற்றும், சில ஊர்களில் ஆறே வற்றிப்போகும். ஆனால் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சித்திரை மாதத்திலும் சில்லென்று தண்ணீர் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா, குட்டீஸ்?

துடியலூரில் மொட்டை மாடியில் ஏறி நின்று மேற்கே பார்த்தால் குருடிமலை தெரியும். அங்கிருந்து மலைத்தொடரோடு தெற்கே கண்ணை ஓட்டிக்கொண்டே போனால் தொலைவில் வருவது வெள்ளியங்கிரி. கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை வழியாகப் பூண்டி போய்ச் சேர ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அதற்குப் பின்னால்தான் மலைப்பாதை தொடங்குகிறது.

ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு மலை! ஆண்டு முழுவதும் ஏற முடியாது. பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை அனுமதி தரும். மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியும் வழுக்கலும் இருக்கும். யானைகளும் உண்டு. ஏறுபவர்கள் அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொள்வார்கள். வெயிலுக்குப் பயந்து பலர் இரவில்தான் புறப்படுவார்கள். இருட்டில் டார்ச் விளக்குகள் வரிசையாக மேலே நகர்வதைக் கீழேயிருந்து பார்ப்பதே ஓர் அழகு.

முதல் மலையிலேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும். செங்குத்தான கற்படிகள், அதுவும் ஒன்று முழங்கால் உயரம் என்றால் அடுத்தது அரையடி உயரம். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று கேட்டால் "இதோ வந்துருச்சு சாமி" என்று பதில் வரும். நம்பிவிடாதீர்கள்! வழியில் வெள்ளைப் பிள்ளையார் கோயில் வரும். பாம்பாட்டி சுனை வரும். கைதட்டி சுனை என்று ஒன்றும் உண்டு. கைதட்டினால் அதில் தண்ணீர் சுரக்கும் என்பது மக்களின் நம்பிக்கை.

மேலே போகப்போக மரங்கள் குறைந்து, புல்வெளியும் காற்றும்தான். காற்று என்றால் சாதாரணக் காற்று அல்ல, ஆளையே தள்ளும். ஆறாவது மலையில் இறங்கினால் ஆண்டி சுனை! அந்தக் குளிரிலும் அதில் குளித்துவிட்டுத்தான் ஏழாவது மலை ஏறுவார்கள். உச்சியில் பெரும் பாறைகள் சாய்ந்து நின்று குகைபோல் ஆன இடத்தில் சுயம்பு லிங்கம். இந்த மலையைத் தென்கயிலாயம் என்றும் அழைப்பார்கள்.

சரி, இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை யார் கொண்டுபோய் வைத்தது?

மலை உச்சியில் நீர் என்றதும் சிலருக்கு எரிமலை ஞாபகம் வரும். ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியா நாட்டில் ஸுக்வாலா என்று ஓர் அணைந்துபோன எரிமலை இருக்கிறது. உயரம் 2,989 மீட்டர். ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய அதன் வாயில் இப்போது மழைநீர் தேங்கி ஏரியாக நிற்கிறது! சுற்றிலும் காடு, பக்கத்தில் பழைமையான கிறிஸ்தவ மடம். அங்கேயும் ஆண்டுக்கு இருமுறை மக்கள் கூட்டம் கூட்டமாக மலையேறி வருகிறார்கள். அந்த ஏரி அவர்களுக்குப் புனிதமானது. கடல் தாண்டி இருக்கும் மலை, ஆனால் நம் ஊர்க் கதை மாதிரியே இல்லை?

ஆனால் வெள்ளியங்கிரி எரிமலை அல்ல. பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, மிக மிகப் பழைய பாறை இது. இங்கே தண்ணீர் தேங்கி நிற்க எரிமலை வாய் கிடையாது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு தட்டைச் சாய்த்து வைத்து, அதில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். சட்டென்று ஓடிவிடும். இப்போது தட்டின் மேல் ஒரு தடித்த ஸ்பாஞ்சை வைத்து அதே அளவு ஊற்றுங்கள். தண்ணீர் மெல்ல மெல்லக் கசியும். ஊற்றி முடித்த பிறகும் நெடுநேரம் சொட்டும்.

மலையில் அந்த ஸ்பாஞ்சின் வேலையைச் செய்வது புல்வெளியும், மடிப்புப் பள்ளங்களில் வளரும் சோலைக்காடும்தான். மரத்தடியில் உதிர்ந்த இலைகள் மக்கி, மெத்தைபோல் கிடக்கும். கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும்போது இவை நீரைப் பிடித்து, பாறை வெடிப்புகளுக்குள் மெதுவாக இறக்கும். அந்த நீர்தான் மாதங்கள் கழித்து எங்கோ ஓர் இடுக்கில் சுனையாக எட்டிப் பார்க்கிறது. அதாவது, மார்ச்சில் ஒருவர் ஆண்டி சுனையில் அள்ளிக் குடிப்பது பல மாதங்களுக்கு முன் பெய்த மழையாக இருக்கலாம்!

ஸ்பாஞ்ச் எரிந்துபோனால்? கோடையில் மலைப்புல் காய்ந்து பஞ்சுபோல் ஆகிவிடும். அணைக்காமல் வீசிய ஒரு பீடித் துண்டு போதும். அதனால்தான் அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதிக்கிறார்கள். பிஸ்கட்டைக்கூடப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல யோசனை! ஆனாலும் பாதையோரம் உறைகள் கிடக்கத்தான் செய்கின்றன. உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையை மான் தின்னும், யானையும் தின்னும். அவற்றுக்கு உறை எது, உணவு எது என்று எப்படித் தெரியும்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இது சுற்றுலா நடை அல்ல. 2024-ல் ஏறும்போது மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்து சிலர் இறந்தே போனார்கள். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் ஏறக் கூடாது. அப்பாவோ மாமாவோ "எனக்கென்ன" என்று கிளம்பினால், முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையின் நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஓடைகளாக இறங்கி ஒன்றுசேர்ந்து நொய்யல் ஆகிறது. இதன் பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூர் படித்துறையைத் தொட்டு, கால்வாய்கள் வழியாக உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் என்று கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூரில் சாயக்கழிவு கலந்து இந்த ஆறு பட்ட பாடு பெரிய கதை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. அதைப் பாய்ச்சினால் பயிர் கருகும் என்ற நிலை வந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆண்டி சுனையில் கண்ணாடிபோல் இருந்த அதே மலையின் நீர்தான்!

துடியலூர்ப் பக்கத்துக் குட்டீஸுக்கு மட்டும் ஒரு கூடுதல் சேதி. உங்கள் குருடிமலையிலும் ஓர் ஆறு பிறக்கிறது. பெயர் கௌசிகா. இடிகரை, கோவில்பாளையம் வழியாகப் போய் அதுவும் நொய்யலில்தான் சேர்கிறது. இப்போது பெரும்பாலும் வறண்டே கிடப்பதால் பாலத்தைக் கடப்பவர்கள் அதை ஏதோ பள்ளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சின்ன வயதில் அதில் தண்ணீர் ஓடியதா, எந்த மாதம் வரை ஓடியது, யாரெல்லாம் குதித்துக் குளித்தார்கள் என்று!