சுழிய மதிப்பெண் விவாதம்

சுழிய மதிப்பெண் விவாதம் என்பது, மாணவர் ஒப்படைக்காத வீட்டுப்பாடம், கட்டுரை, ஆய்வக அறிக்கை போன்ற பணிகளுக்குச் சுழியம் வழங்கலாமா, கூடாதா என்பது பற்றிக் கல்வியாளர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு ஆகும். ஆண்டு முழுவதும் செய்யும் பணிகளின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்துத் தேர்ச்சியை முடிவு செய்யும் நாடுகளில், குறிப்பாக அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும், 2000-களுக்குப் பின் இவ்விவாதம் வலுப்பெற்றது. சுழியத்தைத் தவிர்க்கும் நடைமுறை 'சுழியமில்லாக் கொள்கை' எனப்படுகிறது.

தமிழ்ப் பேச்சு வழக்கில் சுழியம் வாங்குவதை 'முட்டை வாங்குதல்' என்பர். தேர்வு எழுதி, எல்லா விடைகளும் தவறாகி முட்டை வாங்குவது ஒன்று. எழுதாமலேயே முட்டை வாங்குவது வேறொன்று. முதலாவது, மாணவருக்குப் பாடம் தெரியவில்லை என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதையே காட்டுவதில்லை. இந்த வேறுபாடே விவாதத்தின் அடிப்படை.

எண்கணிதச் சிக்கல்

அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள 100 மதிப்பெண் அளவுகோலில், 90-க்கு மேல் 'ஏ', 80 முதல் 89 வரை 'பி', 70 முதல் 79 வரை 'சி', 60 முதல் 69 வரை 'டி', 60-க்குக் கீழ் 'எஃப்' அதாவது தோல்வி என்று தரம் பிரிப்பது வழக்கம். தேர்ச்சித் தரங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மதிப்பெண் அகலம் கொண்டவை. தோல்வித் தரம் மட்டும் 0 முதல் 59 வரை 60 மதிப்பெண் அகலம் கொண்டது. ஆகவே சுழியம் என்பது 'டி' தரத்துக்கு ஒரு படி கீழே இல்லை. அதன் தொடக்க எல்லையிலிருந்து ஆறு படி கீழே உள்ளது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு மாணவி பத்துப் பணிகளில் ஒன்பதில் தலா 85 பெற்று, ஒன்றை ஒப்படைக்கவில்லை என்று கொள்வோம். விடுபட்ட பணிக்குச் சுழியம் இட்டால் சராசரி 76.5; தரம் 'சி'. 50 இட்டால் சராசரி 81.5, தரம் 'பி'. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் சராசரி 85. ஒரே மாணவி, ஒரே அறிவு. தரம் மட்டும் மாறுகிறது. ஒரு சுழியம் பெற்றவர் அதன் பின் தொடர்ந்து 85 பெற்றாலும், சராசரி 80-ஐத் தொடுவதற்கு அத்தகைய 16 பணிகளைச் செய்து முடிக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்வியாளர் டக்ளஸ் ரீவ்ஸ் 2004-இல் 'ஃபை டெல்டா கப்பான்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சமமின்மையைச் சுட்டிக்காட்டினார். 'ஏ'-க்கு 4, 'பி'-க்கு 3, 'சி'-க்கு 2, 'டி'-க்கு 1, 'எஃப்'-க்கு 0 என்னும் அளவுகோலில் எல்லாப் படிகளும் சமமானவை. அங்கே சுழியம் பெற்றாலும் பாதிப்பு அளவோடு நிற்கும். மேற்கண்ட மாணவி அம்முறையில் ஒன்பது 'பி'-யும் ஓர் 'எஃப்'-உம் பெற்றால் சராசரி 2.7, அருகிலுள்ள தரம் 'பி' தான். எனவே இவ்வாதத்தின்படி குறை சுழியத்தில் மட்டும் இல்லை. 100 மதிப்பெண் அளவுகோலுடன் அதைச் சேர்த்துச் சராசரி எடுப்பதிலும் உள்ளது.

சுழியத்தை எதிர்ப்போர் வாதங்கள்

மதிப்பெண் என்பது மாணவர் எவ்வளவு கற்றுள்ளார் என்பதற்கான தகவல். அது தண்டனைக் கருவியாகக் கூடாது என்பது முதல் வாதம். நேரம் தவறுதல், சோம்பல், கீழ்ப்படியாமை ஆகியவை நடத்தை சார்ந்தவை. அவற்றைப் பாட மதிப்பெண்ணுடன் கலந்தால், 'சி' தரம் பெற்ற ஒருவருக்கு இயற்பியல் அரைகுறையாகத் தெரியுமா, நன்றாகத் தெரிந்தும் இரண்டு அறிக்கைகளைத் தராமல் விட்டாரா என்பதைப் பெற்றோரோ கல்லூரியோ அறிய முடியாது. தாமஸ் கஸ்கி, கென் ஓ'கானர் ஆகியோர் இக்கருத்தை விரிவாக எழுதியுள்ளனர். சான்று இல்லாத இடத்தில் சுழியத்தை நிரப்பக் கூடாது என்பது ஓ'கானரின் நிலைப்பாடு.

இரண்டாவது வாதம், ஊக்கம் பற்றியது. பருவத்தின் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று சுழியங்கள் விழுந்தால், இனி என்ன படித்தாலும் தேற முடியாது என்ற நிலை ஏற்படும். அப்படிப்பட்ட மாணவருக்கு உழைக்கக் காரணமே இல்லாமல் போகிறது. மேலும், சுழியம் பெற்றவுடன் அந்தப் பணி முடிந்துபோன கணக்காகிவிடுகிறது. செய்யாமல் தப்பிக்க விரும்புபவருக்கு அதுவே எளிய வழி.

மூன்றாவது வாதம், சூழ்நிலை பற்றியது. பணி வராததற்கு விருப்பமின்மை ஒன்றே காரணம் அல்ல. பாடம் புரியாமை, நோய், வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பகுதிநேர வேலை, இணைய வசதி இன்மை எனப் பல காரணங்கள் உண்டு. சுழியம் இவை அனைத்தையும் ஒன்றாகவே காண்கிறது.

சுழியத்தை ஆதரிப்போர் வாதங்கள்

செய்யாத வேலைக்கு மதிப்பெண் தருவது பொய்க் கணக்கு என்பது ஆதரிப்போரின் முதன்மை வாதம். குறிப்பாக, சுழியத்துக்குப் பதில் குறைந்தபட்சம் 50 வழங்கும் முறையை அவர்கள் கடுமையாக மறுக்கின்றனர். பத்துப் பணிகளில் ஐந்தை மட்டும் செய்து தலா 70 பெற்ற மாணவருக்கு, மீதி ஐந்துக்கும் 50 கிடைத்தால் சராசரி 60 ஆகும். அவர் தேர்ச்சி பெறுவார். பத்துப் பணிகளையும் முயன்று செய்து ஒவ்வொன்றிலும் 58 பெற்ற மாணவர் தோல்வியடைவார். பாடம் கடினமாக இருந்தும் விடாமல் உழைத்தவருக்கு இது இழைக்கும் அநீதி கண்கூடானது.

ஒப்படைக்கும் பழக்கமே கல்வியின் ஒரு பகுதி என்பது அடுத்த வாதம். பணியிடங்களிலும் உயர்கல்வியிலும் காலக்கெடுவுக்கு மதிப்பு உண்டு. பள்ளி அதைக் கற்பிக்கவில்லையெனில் மாணவர் பின்னர் பெரிய விலை கொடுக்க நேரும். அத்துடன், விளைவு எதுவும் இல்லையென்று அறிந்தால் வேலையைச் செய்யாமல் விடும் மாணவர் தொகை கூடும் என்றும், தாமதமாக வரும் தாள்களைத் திருத்தும் சுமை முழுவதும் ஆசிரியர் மேல் விழும் என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

எட்மன்டன் வழக்கு

இவ்விவாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற நிகழ்வு கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் நடந்தது. எட்மன்டன் நகரின் ராஸ் ஷெப்பர்ட் உயர்நிலைப் பள்ளியில், ஒப்படைக்காத பணிகளுக்குச் சுழியம் இடாமல் நடத்தையைக் குறிக்கும் குறியீடுகளை இட வேண்டும் என்று நிருவாகம் அறிவுறுத்தியது. அங்கு இயற்பியல் கற்பித்த லிண்டன் டார்வால், 35 ஆண்டு அனுபவம் கொண்டவர். அவர் அதை ஏற்காமல் தொடர்ந்து சுழியம் வழங்கினார். அவருடைய முறையில் சுழியம் இறுதியானதன்று. மாணவர் பின்னர் பணியை ஒப்படைத்தால் அது நீக்கப்பட்டு உரிய மதிப்பெண் இடப்படும்.

2012 மே மாதம் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்டார். கனடா முழுவதும் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் இது பேசுபொருளாயிற்று. மேல்முறையீட்டை விசாரித்த குழு, அவர் நியாயமற்ற முறையில் நடத்தப்பட்டார் என்று 2014-இல் தீர்ப்பளித்தது. ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

இத்தீர்ப்புகள், ஓர் ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்கிய விதம் முறையானதா என்பதையே ஆராய்ந்தன. சுழியம் நல்ல கல்வி முறையா என்பதை முடிவு செய்யவில்லை. எனினும் வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியரின் தீர்மானத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்னும் கேள்வியை இவ்வழக்கு முன்னுக்குக் கொண்டுவந்தது.

ஒன்டாரியோ மாநிலத்தின் அணுகுமுறை

கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2010-இல் 'குரோயிங் சக்சஸ்' என்னும் மதிப்பீட்டுக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. பொறுப்புணர்வு, ஒழுங்கமைவு, தன்முனைப்பு போன்ற பண்புகளைப் பாட மதிப்பெண்ணிலிருந்து பிரித்துத் தனியே அறிக்கையிட வேண்டும் என்று அது கூறுகிறது. பணி தாமதமானாலோ வராமல் போனாலோ, மாணவரிடம் காரணம் கேட்டல், பெற்றோரைத் தொடர்புகொள்ளுதல், உதவி ஏற்பாடு செய்தல் முதலிய பல வழிகளை ஆசிரியர் கையாளலாம். அவை பயன் தராத நிலையில், தாமதத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்கவும், தேவைப்பட்டால் முழு மதிப்பெண்ணையும் கழிக்கவும் இடமுண்டு. சுழியத்தை முதல் பதிலாகக் கொள்ளாமல், அதை முற்றிலும் தடை செய்யாமலும் விட்ட இடைநிலை வழி இது.

ஆய்வுகள் கூறுவன

தியடோர் கேரி, ஜேம்ஸ் கரிஃபியோ ஆகிய இருவரும் நகர்ப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஏழாண்டு மதிப்பெண் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். குறைந்தபட்ச மதிப்பெண் முறையால் அப்பள்ளியில் மதிப்பெண்கள் பொய்யாக வீங்கியதற்குச் சான்று இல்லை என்பது அவர்களது முடிவு. ஆனால் இது ஒரே பள்ளி சார்ந்த ஆய்வு.

மறுபுறம், அமெரிக்கப் பொருளியலாளர் செத் கெர்ஷென்சன் வட கரோலினா மாநில இயற்கணித வகுப்புகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட அறிக்கை, கண்டிப்பாக மதிப்பெண் இடும் ஆசிரியர்களிடம் மாணவர்கள் கூடுதலாகக் கற்கின்றனர் என்று கண்டது. இந்த ஆய்வு சுழியத்தைத் தனியே எடுத்து ஆராயவில்லை. எனவே இரண்டில் எதைக் கொண்டும் விவாதத்தை முடித்துவிட இயலாது.

மாற்று வழிகள்

'முடிவுறாதது' எனக் குறித்தல்: பணி வரும் வரை மதிப்பெண் இடாமல் நிறுத்திவைப்பது. பெற்றோருக்கும் மாணவருக்கும் வேலை பாக்கி உள்ளது என்பது தெளிவாகத் தெரியும். பருவ முடிவுக்கு ஒரு காலக்கெடு வைக்காவிட்டால் பாக்கி குவிந்துவிடும்.

கட்டாயப் படிப்பு நேரம்: மதிய இடைவேளையிலோ பள்ளி முடிந்த பின்னரோ மாணவரை அமர்த்தி, ஆசிரியர் உதவியுடன் பணியை முடிக்கச் செய்வது. வேலை செய்யாததன் விளைவு அந்த வேலையைச் செய்வதே என்பது இதன் கருத்து. இதற்கு ஆசிரியர்களும் இடமும் போக்குவரத்தும் தேவை.

இடைநிலை அளவு: சராசரிக்குப் பதில் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுப்பது. ஒரே ஒரு சுழியம் முழு முடிவையும் குலைக்காது. ஆனால் பத்தில் ஆறு பணிகளில் 85 பெற்று நான்கை விட்டவருக்கும் 85 கிடைத்துவிடும்.

இரட்டை அறிக்கை: பாட அறிவுக்கு ஒரு தரம், வேலைப் பழக்கத்துக்கு மற்றொரு தரம். ஒன்று மற்றொன்றை மறைக்காது. பழக்கத் தரத்தை யாரும் பொருட்படுத்தாவிட்டால் அது வெறும் சடங்காகிவிடும்.

ஆண்டிறுதித் தேர்வுகளில் இவ்வேறுபாடு முன்பே ஏற்கப்பட்டுள்ளது. இந்தியப் பொதுத்தேர்வுகளில் தேர்வுக்கு வராதவரின் பெயருக்கு எதிரே சுழியம் இடாமல் 'வருகை இல்லை' என்றே குறிக்கின்றனர். அவர் தேர்ச்சி பெறுவதில்லை. அதே நேரம் பாடம் அறியாதவர் என்றும் பதிவாவதில்லை.

சுழியமா, 50-ஆ என்று மட்டும் கேட்கும்போது இரு தரப்பும் சுட்டும் குறைகள் உண்மையாகவே உள்ளன. ஒரு பணி எதற்காகக் கொடுக்கப்பட்டது, அது வராதபோது யார், எத்தனை நாளில், என்ன செய்வர் என்பது பருவத் தொடக்கத்திலேயே மாணவருக்குத் தெரிந்திருக்கும் பள்ளியில், மதிப்பெண் ஏட்டின் வெற்றிடத்தை எந்த எண்ணால் நிரப்புவது என்ற கேள்வி அரிதாகவே எழும்.