ஊர்ப்பெயரும் ஊரார் உரிமையும்

பத்தமடை என்றவுடன் பாய் நினைவுக்கு வருகிறது. பவானி என்றவுடன் ஜமக்காளம். சுவாமிமலை என்றவுடன் பஞ்சலோகத் திருவுருவம். மதுரை என்றவுடன் மல்லிகை. இவ்வூர்களின் பெயரைக் கேட்டதுமே, பொருளின் தரத்தைப் பற்றி வாங்குவோர் மனத்தில் ஒரு நம்பிக்கை உண்டாகிறது. அந்நம்பிக்கை எந்த விளம்பரத்தாலும் ஒரே நாளில் விளைந்ததன்று. கோரையைக் கீறியவர்களும், தறியில் அமர்ந்தவர்களும், மெழுகில் உருவம் பிடித்தவர்களும், வெயில் ஏறுமுன் அரும்பு பறித்தவர்களும் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த செல்வம் அது. நிலத்தைப் போல, கிணற்றைப் போல, அதுவும் ஒரு சொத்தே ஆகும். ஆனால் நிலத்துக்குப் பட்டா உண்டு, எல்லைக்கல் உண்டு. ஊரின் பெயருக்குப் பட்டா உண்டா? உண்டெனில், அது யார் பேரில் இருக்கிறது? ஒவ்வொரு கைவினைஞரும், விவசாயியும், பஞ்சாயத்து உறுப்பினரும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

அறிவுச் சொத்து என்பது யாது?

கையால் தொட்டு உணரக்கூடிய சொத்துகளைப் போலவே, மனித அறிவின் உழைப்பால் பிறந்தவற்றையும் சொத்தாகக் கருதிக் காக்கும் சட்டங்கள் நம் நாட்டில் உள்ளன. புதிய பொறி ஒன்றைக் கண்டுபிடித்து முறைப்படி மனுச் செய்பவருக்குக் காப்புரிமைச் சட்டம் 20 ஆண்டுகளுக்குத் தனி உரிமை அளிக்கிறது. நூல் எழுதியவருக்கு அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. வியாபாரி ஒருவர் தம் சரக்குக்கு இட்ட பெயரையும் சின்னத்தையும் பிறர் கையாளாதவாறு வாணிக முத்திரைச் சட்டம் காக்கிறது.

இவை யாவும் நன்மை தருவனவே. ஆயினும், பாய் முடையும் பெண்மணிக்கு இவற்றுள் எதுவும் பொருந்துவதில்லை. அவருடைய தொழில் புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆகவே காப்புரிமை கிட்டாது. அதனை முதன்முதலில் செய்தவர் இன்னார் என்று சுட்ட இயலாது. ஆகவே பதிப்புரிமைக்கும் வழியில்லை. ஊர்ப்பெயரைத் தனி வியாபாரி ஒருவர் தமக்கே முத்திரையாக்கிக்கொள்வதும் நியாயமாகாது. பலர் கூடிச் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த திறமைக்கு வேறொரு விதமான சட்டம் தேவைப்பட்டது. அதுவே புவிசார் குறியீட்டுச் சட்டமாகும்.

சட்டம் பிறந்த வரலாறு

1995ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. அதில் அங்கம் வகிக்கும் நாடுகள் யாவும் அறிவுச் சொத்தைப் பற்றிய ஓர் ஒப்பந்தத்துக்கு உட்பட்டன. அவ்வொப்பந்தத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: ஒரு பெயர் அது பிறந்த நாட்டிலேயே சட்டத்தின் காப்பைப் பெறவில்லையானால், பிற நாடுகள் அதனைக் காக்கக் கடமைப்பட்டவை அல்ல என்பதே அது. தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டிக்கொள்ளாதவன், அயலார் வந்து காவல் நிற்க வேண்டும் என எதிர்பார்க்க இயலாதன்றோ!

இதனால் நேரக்கூடிய தீங்கை உணர்த்தும் நிகழ்ச்சி விரைவிலேயே நடந்தது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கம்பெனி ஒன்று, பாஸ்மதி நெல் வகைகள் சிலவற்றுக்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றது. இமயமலை அடிவாரத்து விவசாயிகள் பல தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்த நெல்லின் பெயர், கடல் கடந்த ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பத்திரத்தில் இடம்பெற்றதைக் கண்டு நாட்டில் பெரும் கவலை உண்டாயிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டில் இந்தியாவின் சார்பில் ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டதன் பயனாக, அக்கம்பெனியின் கோரிக்கைகளுள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன.

இத்தகைய சூழ்நிலையில் வரையப்பட்ட மசோதா 1999ஆம் ஆண்டின் இறுதியில் பார்லிமெண்டில் நிறைவேறிச் சட்டமாயிற்று. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்கும் உரிய பதிவகம் சென்னை கிண்டியில் அமைந்திருப்பது நமக்கு ஒரு வசதியாகும். முதன்முதலில் பதிவு பெற்ற பெயர் டார்ஜிலிங் தேயிலை. நம் மாநிலத்தில் காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலைத் திருவுருவங்கள், பத்தமடைப் பாய், மதுரை மல்லி, ஈரோட்டு மஞ்சள், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எனப் பல பொருள்கள் பின்னர்ப் பதிவு பெற்றன. கைத்தொழிற் பொருள்களோடு விளைபொருள்களும் உணவுப் பண்டங்களும் இச்சட்டத்தின் நிழலில் இடம்பெறுகின்றன என்பதை விவசாயிகள் கருத வேண்டும்.

பட்டாவும் கண்மாயும்

காப்புரிமையும் வாணிக முத்திரையும் பட்டா நிலத்தைப் போன்றவை. உரியவர் அவற்றை விற்கலாம். பிறருக்குக் குத்தகை போல விடலாம். புவிசார் குறியீடோ ஊர்க் கண்மாயைப் போன்றது. கண்மாய் எவருடைய தனிச் சொத்தும் அன்று. ஆயக்கட்டு நிலத்தார் அனைவருக்கும் அதன் நீரில் உரிமை உண்டு. அதைப் போலவே, பதிவு பெற்ற ஊர்ப்பெயரை விற்கவோ, அடகு வைக்கவோ, வெளியார்க்குக் குத்தகைக்கு விடவோ சட்டம் இடம் தரவில்லை. எவ்வளவு பணம் படைத்தவராயினும் அதனை விலைக்கு வாங்க இயலாது. ஆனால், பதிவு பெற்ற கைவினைஞர் ஒருவர் மறைந்தால் அவருடைய உரிமை அவர் வாரிசைச் சேரும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பதிவேட்டின் இரு பகுதிகள்

இச்சட்டத்தின்படி வைக்கப்பட்டுள்ள பதிவேட்டில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதியில் பொருளின் பெயரும், அதற்கு மனுச் செய்த சங்கம் அல்லது நிறுவனத்தின் பெயரும் இடம்பெறும். பொருளை உற்பத்தி செய்வோரின் நலனைப் பிரதிநிதியாக நின்று காக்கும் அமைப்பே இவ்வாறு மனுச் செய்யலாம். இரண்டாம் பகுதியில், அப்பொருளை உண்மையாக உற்பத்தி செய்வோர் தனித்தனியே பெயர் பதிந்துகொள்ள வேண்டும். இவர்களுக்கு ‘அங்கீகாரம் பெற்ற பயனாளர்’ என்று பெயர்.

நம் ஊர்களில் பலரும் அறியாதது இந்த இரண்டாம் பகுதியே. ஊர்ப் பொருளுக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்ற செய்தி பத்திரிகையில் வருகிறது, ஊரார் மகிழ்கிறார்கள், அத்துடன் காரியம் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் காரியம் அப்போதுதான் தொடங்குகிறது. பதிவு பெற்ற பெயரைத் தம் சரக்கில் பொறித்துக்கொள்ளும் தனி உரிமையைச் சட்டம் இந்தப் பயனாளர்களுக்கே அளிக்கிறது. போலிச் சரக்கு விற்பவர்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பெயர் பதியாத நெசவாளர், தம் பாட்டனார் காலத்திலிருந்து அதே தறியில் நெய்து வந்தாலும், இவ்வுரிமையைச் சட்டத்தின் முன் நிலைநாட்ட இயலாது. கண்மாய் ஊருடையதே, ஆனால் ஆயக்கட்டுக் கணக்கில் தம் நிலம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பாகும்.

சட்டம் செய்வதும் செய்யாததும்

பொய்யான ஊர்ப்பெயரை இட்டுச் சரக்கு விற்பது இச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறைவாசமும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் விதிக்கப்பட்டுள்ளன. துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்ற பின் போலிச் சரக்கைச் சோதனையிட்டுக் கைப்பற்றலாம்.

எனினும், சட்டத்தால் ஆகாதவற்றையும் நாம் மறைக்கலாகாது. சட்டம் பொருளுக்கு விலை நிர்ணயிப்பதில்லை. சரக்கைக் கொள்முதல் செய்வதுமில்லை. பெயரை மட்டுமே அது காக்கிறது. தொழில் முறையை அன்று. வேறோர் ஊரார் கோரையில் மெல்லிய பாய் முடைந்து தம் ஊர்ப்பெயரால் விற்றால், அதனைத் தடுக்க இயலாது. பத்தமடை என்ற பெயரை அதன்மேல் இடுவதைத்தான் தடுக்க இயலும். மேலும், தானாக எழுந்து போலியைப் பிடிக்கும் ஆற்றல் எந்தச் சட்டத்துக்கும் இல்லை.

பவானி ஜமக்காளமே இதற்குத் தக்க உதாரணம். அதற்கு ஒன்றுக்கு இரண்டாகக் காப்புகள் உள்ளன. கைத்தறிக்கென்றே சில துணி வகைகளை ஒதுக்கிவைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும், விசைத்தறியில் நெய்யப்பட்ட மலிவான போலிகள் சந்தையில் புகுந்து கைத்தறி நெசவாளரின் பிழைப்பைக் கெடுத்து வந்திருக்கின்றன. வாங்குவோருக்கு வேறுபாடு தெரியாமையும், முறையிட வேண்டியவர்கள் ஒன்றுசேராமையும் இதற்குக் காரணங்களாகும். வேலி கட்டினால் மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

மலை வாழை புகட்டும் பாடம்

பெயர் நிலைக்க வேண்டுமானால் பொருளும் நிலைக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தின் விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் குறியீடு கிடைத்துள்ளது. நீர்ப்பசை குறைந்த விருப்பாச்சிப் பழமே, 2019ஆம் ஆண்டில் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தின் சிறப்புக்கு அடிப்படை. 1970களில் முடிக்கொத்து நோய் தாக்கி மலை வாழைத் தோட்டங்கள் பெரிதும் அழிந்தன. வாழை அழிந்தால் பஞ்சாமிர்தத்தின் பெயருக்கும் ஊனம் நேரும். அவ்வாறே, தாமிரபரணிக் கரைக் கோரை அருகினால் பத்தமடைப் பாய்க்கும், காவிரி வண்டல் கிட்டாமற்போனால் சுவாமிமலை வார்ப்புக்கும் தொல்லையே. ஆற்றங்கரையையும் வாய்க்காலையும் பேணுவது விவசாயத்துக்கு மட்டுமன்றி, ஊரின் கைத்தொழிலுக்கும் பாதுகாப்பாகும்.

பெயர் பதிந்துகொள்ளும் முறை

பயனாளராகப் பதிவு பெறுவது கடினமன்று. உரிய படிவத்தில் தம் பெயர், முகவரி, தொழில் விவரங்களுடன் சென்னைப் பதிவகத்துக்கு மனுச் செய்ய வேண்டும். மனுவின் நகலைக் குறியீடு பெற்ற சங்கத்துக்கும் அனுப்ப வேண்டும். முன்னர் 500 ரூபாயாக இருந்த மனுக் கட்டணம், 2020ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபோது 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, பணமில்லாமையால் பதிவு தடைப்படக் காரணமில்லை. செய்தி எட்டாமையும், படிவம் நிரப்பத் துணையில்லாமையுமே தடைகள். இவற்றை அகற்றப் பஞ்சாயத்தைவிடத் தகுதியான அமைப்பு வேறில்லை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊரில் குறியீட்டுப் பொருளை உற்பத்தி செய்யும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கிராம சபையில் படிக்கலாம். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களின் பெயர்கள் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய் முடைதல் போன்ற தொழில்களில் உழைப்பின் பெரும்பங்கு அவர்களுடையதே. இரண்டாவதாக, படித்த இளைஞர்களைக் கொண்டு மனுக்களை நிரப்பி, கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக ஒருசேர அனுப்பலாம். மூன்றாவதாக, பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டைப் பஞ்சாயத்துப் புத்தகத்தில் குறித்துவைக்கலாம். நான்காவதாக, தரங்குறைந்த சரக்கை ஊர்ப்பெயரால் விற்பவர் உள்ளூராராயினும், அவரைக் கூட்டி அறிவுரை கூறலாம். வெளியூரார் செய்யும் போலியைவிட உள்ளூரார் செய்யும் போலியே பெயருக்கு அதிகக் கேடு விளைப்பதாகும்.

புதிதாக ஒரு வடிவத்தையோ பூவேலையையோ உருவாக்கும் கைவினைஞர்கள், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் அதனைத் தம் பேரில் பதியலாம். அவ்வுரிமை 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் செல்லும். ஆனால் பொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லுமுன்பே மனுச் செய்துவிட வேண்டும். முதலில் விற்றுவிட்டுப் பிறகு பதியச் சென்றால் பயனில்லை.

இன்னும் இயற்றப்பட வேண்டிய சட்டம்

வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, கும்மி போன்ற நாட்டுப்புறக் கலைகளுக்கு இத்தகைய பாதுகாப்பு இன்னும் ஏற்படவில்லை. ஊரார் பொதுவில் பாடிவந்த மெட்டை ஒருவர் எடுத்துப் பொருளீட்டினால், அவ்வூராருக்குப் பங்கு கேட்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அறிவுச் சொத்துக்கான உலக அமைப்பில் இதைப் பற்றிய பேச்சுகள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் பற்றியது. கலைகள் அதில் அடங்கவில்லை. எதிர்காலத்தில் கலைகளுக்கென ஒரு மசோதா வருமாயின், இக்கலை எங்களுடையது என்று காட்டச் சான்று வேண்டும். முதியோர் அறிந்த பாடல்களையும், கூத்து முறைகளையும், அவற்றை ஆடிப் பாடிய குடும்பங்களையும் இப்போதே எழுதிவைப்பது பஞ்சாயத்துகளும் பள்ளி ஆசிரியர்களும் கூடிச் செய்யத்தக்க தொண்டாகும்.

நல்ல சட்டம் ஏட்டில் இருப்பது முதற்படி. அது எளியவர் கைக்கு எட்டுவது அடுத்த படி. ஊரின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அப்பெயரைத் தம் உழைப்பால் உண்டாக்கியவர்களின் பெயர்களும் அதன் கீழ் ஏற வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதித்து, அன்றே பட்டியலைத் தொடங்குமாறு பஞ்சாயத்துகளைக் கேட்டுக்கொள்கிறோம்.