கார்த்திகை மழையில் தனியே மலை ஏறலாமா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் செஞ்சி மலைகளின் முகமே மாறிவிடும். கோடையில் அனல் கக்கிய பாறைகள் குளிர்ந்து கிடக்கும். இடுக்குகளில் எல்லாம் பச்சை முளைத்திருக்கும். சுனைகளில் தண்ணீர் நிற்கும். "இதுதான் சமயம். ஒரு நாள் தனியாகப் போய் ராஜகிரியில் ஏறிவிட்டு வரலாம்" என்று வாலிபர்களுக்கு ஆசை பிறக்கும்.

"துணைக்கு ஆள் இல்லாமலா?" என்று வீட்டில் அம்மா கேட்பாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு "போகாதே" என்பது மட்டும் பதில் அல்ல.

மூன்று மலை, ஒரே கோட்டை

திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில் பாதையைப் பற்றிக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது! பஸ்தான் கதி.

வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரயான் துர்க்கம். இந்த மூன்று மலைகளையும் 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் சுற்றி வளைத்திருக்கிறது. 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம், மொகலாயருக்குத் தப்பி, மாறுவேடத்தில் இங்கே வந்து சேர்ந்தது 1689-ஆம் ஆண்டு, இதே மழைக்காலத்தில்தான். பின்பு மொகலாயப் படை வந்து முற்றுகை போட்டது. கோட்டை விழுவதற்கு 1698 வரை பிடித்தது!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. "இவ்வளவுதானா?" என்று நினைத்துவிடாதீர்கள். இது மண் மலை அல்ல. வீடு பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் கருங்கல் மலை. அடிவாரத்தில் கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுப் படி ஏறவேண்டும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். மூச்சு வாங்கினால் உட்கார நல்ல இடம். தின்பண்டப் பொட்டலத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். குரங்குகள் உங்களைவிடச் சுறுசுறுப்பு!

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். நடுவே ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், மேலே இருப்பவனை எவனாலும் நெருங்க முடியாது. பாலத்தைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில். அங்கிருந்து பார்த்தால் வயல்களும் ஏரிகளும் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னும்.

ஏறுவதா, இறங்குவதா?

மழைக்காலத்தில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். படியில் பாசி படிந்திருக்கும். முழங்கால் ஓய்ந்திருக்கும். "எல்லாம் முடிந்தது" என்று மனம் அலட்சியமாக இருக்கும். அப்போதுதான் கால் வழுக்கும். கூட ஒருவர் இருந்தால் கணுக்கால் சுளுக்கு வெறும் வேடிக்கைப் பேச்சு. தனியாக இருந்தால் அதே சுளுக்கு ஓர் இரவு முழுவதும் பாறையில் கிடக்க வைத்துவிடும்.

மழையும் சாதாரணமானது அல்ல. 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்குமேல் மழை கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து 7 உயிர்கள் போயின. அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலை ஏறவே விடவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தனியாகவும் வேண்டாம், கூட்டமாகவும் வேண்டாம்.

பஸ்ஸில் போய் மலை ஏறியவர்

இங்கிலாந்தின் வடக்கே ஏரிகள் நிறைந்த ஒரு மலைநாடு உண்டு. அந்த நாட்டின் உயர்ந்த சிகரமான ஸ்கேபெல் பைக் அங்கேதான் இருக்கிறது. உயரம் 978 மீட்டர். நம் ஊட்டியின் பாதிகூட இல்லை! ஆனால் நவம்பர் கடைசியில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடும். மூடுபனி இறங்கினால் முன்னே இருக்கும் பள்ளம் தெரியாது. குளிர் எலும்பைத் துளைக்கும்.

அந்த மலைகளில் தனியே நடந்து புகழ்பெற்றவர் ஆல்பிரட் வெயின்ரைட் என்பவர். கெண்டல் என்ற ஊரின் நகரசபையில் கணக்கு வழக்குப் பார்த்த உத்தியோகஸ்தர். கார் ஓட்டத் தெரியாது. விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போவார், நடப்பார், பஸ்ஸிலேயே திரும்புவார். இப்படியே 214 மலைகளை நடந்து பார்த்து, கையாலேயே எழுதி, படம் வரைந்து 7 புத்தகங்களாக வெளியிட்டார். முதல் புத்தகம் 1955-ல் வந்தது. கடைசிப் புத்தகம் 1966-ல்.

வழி தவறியவர்களைத் தேடிக் கொண்டுவர அங்கே தொண்டர் படைகள் இருக்கின்றன. கூலி கிடையாது. நடப்பவர்களுக்கு அவர்கள் சொல்லும் புத்திமதி மிக எளிது. எந்த மலைக்குப் போகிறாய், எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ. பையில் டார்ச் விளக்கும் ஊதலும் இருக்கட்டும். ஆபத்து என்றால் ஒரு நிமிஷத்தில் 6 தடவை ஊது, ஒரு நிமிஷம் நிறுத்து, மறுபடியும் ஊது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். ஊதல் சத்தமோ வெகுதூரம் கேட்கும்.

இதில் செஞ்சிக்குப் பொருந்தாதது எது? பத்து ரூபாய் ஊதல்தானே! செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், 112-ஐக் கூப்பிடலாம். ஆனால் பாறை இடுக்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்; மழையில் போன் நனைந்தும் போகலாம். நம் பக்கம் கார்த்திகையில் சூரியன் மறைய மாலை 5.40 ஆகும். கோட்டை வாசலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். காலை 9 மணிக்கு வாசல் திறந்ததும் ஏறினால், மதியத்துக்குள் உச்சியைப் பார்த்துவிட்டுப் பகல் வெளிச்சத்திலேயே நிதானமாக இறங்கிவிடலாம். முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்கு ராஜகிரியே போதும். அங்கே படி இருக்கிறது, ஆள் நடமாட்டமும் இருக்கிறது. சந்திரயான் துர்க்கத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. அங்கே தனியே போவது வீரம் அல்ல, வீம்பு.

சின்னக் குன்று, பெரிய கதை

800 அடி ஏற முடியாத தாத்தாவும் பாட்டியும் என்ன செய்வது? செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பாறையில் 24 சமண தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கி இருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பு சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் இந்தக் குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்தார். அந்தச் செய்தியைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. தமிழின் ‘ஐ’ எழுத்தைக் காட்டும் மிகப் பழைய கல்வெட்டுகளில் அது ஒன்று என்பார்கள் அறிஞர்கள். வட்டெழுத்தாகையால் நாம் சட்டென்று படிக்க முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் கூட வந்தால், அந்த ‘ஐ’ எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.