நித்தியகல்யாணி: மருந்துக்கு ஆகும், கஷாயத்துக்கு ஆகாது



தோட்டத்து லயத்து வாசலிலும், சிங்கப்பூர் தேக்கா பக்கத்து வீட்டுத் தொட்டிகளிலும் பூக்கிறதே நித்தியகல்யாணி, அதைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். “இனிப்பு நீருக்கு இதை அவித்துக் குடி” என்பார்கள் நம் ஆட்கள்.

ஜமைக்காத் தீவிலும் அப்படித்தான் குடித்தார்கள். 1952-ல் அந்த இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபல் என்ற விஞ்ஞானி அதன் சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சீனி இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன! வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? இந்தச் செடியிலிருந்தே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் வந்தன. சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளில் ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள்.

அப்படியானால் நாமே அவித்துக் குடிக்கலாமா? கூடாது! ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பிரித்து, சுத்தம் பண்ணி, அளந்து கொடுத்தால்தான் மருந்து. செடியில் நஞ்சும் இருக்கிறது. நம் சட்டியில் எது எவ்வளவு இறங்குகிறதென்று யாருக்குத் தெரியும்?

இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கஷாயம் குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.