அவசர சிகிச்சை வைத்தியரின் கிரமம்

நோய் இன்னதென்று நிர்ணயித்த பின்னரே அதற்குரிய மருந்தை வழங்குவது வைத்திய சாஸ்திரத்தின் பொதுவிதி. அவசர சிகிச்சைப் பிரிவின் வைத்தியரோ, 'இவருக்கு என்ன நோய்?' என்று வினவுமுன், 'இவர் உயிரை முதலில் கவரக்கூடியது எது?' என்று வினவி, அதைத் தடுத்த பிறகே நோயின் பெயரைத் தேடுகிறார்.

மூச்சுப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், பிரக்ஞை என்பது அவர் அனுசரிக்கும் கிரமம். முறிந்து கோணிய கால் பார்ப்போர் நெஞ்சைப் பதறச் செய்தாலும், பிராணவாயுவின்றி மூளை சில நிமிஷங்களே தாங்குமாதலால், பின்சரிந்து தொண்டையை அடைக்கும் நாக்கை விலக்கத் தாடையை முன்னே உயர்த்துவதே முதற் காரியம். நுரையீரலிலிருந்து கசிந்த காற்று வெளியேற வழியின்றி மார்புக்குள் பெருகி, இருதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும் ஆபத்தில், அவர் எக்ஸ்ரே படத்துக்காகக் காத்திராமல், கண்ணுக்கும் காதுக்கும் புலனாகும் அடையாளங்களை நம்பி, மார்பில் ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்றுகிறார். பிரக்ஞையை அறிய, கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, இன்று 3 முதல் 15 வரை கணக்கிடும் அளவுகோலை 1974-இல் கிளாஸ்கோ நகர வைத்தியர்கள் வகுத்தளித்தனர்.

ஓர் உடலுக்குள் அனுசரிக்கும் இக்கிரமமே, பலர் ஒருசேர வந்து குவியும்போது மனிதரிடையேயும் செல்லுபடியாகிறது. நெப்போலியனின் படை வைத்தியரான டொமினிக் லாரே, பதவியையோ தேசத்தையோ பாராது, காயத்தின் கடுமை ஒன்றையே கருதிச் சிகிச்சையின் முறையை அமைத்தார்.

ஆயினும் அவசர சிகிச்சை தனித் துறையாவதற்கு நெடுங்காலம் சென்றது. 1961-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில், ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் அவருடைய சகாக்கள் மூவரும் தம் சொந்த வைத்தியத் தொழிலை விட்டு, அவசர சிகிச்சை அறையை இரவும் பகலும் நடத்துவதையே முழுநேரப் பணியாக ஏற்றனர். 1970-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகம் இதற்கெனப் பயிற்சி தொடங்கிற்று. 1979-இல் அந்நாட்டிலும், 2009-இல் இந்தியாவிலும் இது தனித் துறையாக அங்கீகரிக்கப்பட்டது.

ஆகையால், முன்னே வந்து காத்திருக்கும் நம்மை நிறுத்திவிட்டுப் பின்னே வந்தவரை உள்ளே அழைத்துச் செல்வார்களாயின், அதை அநீதியென்று கருதி நாம் வருந்த வேண்டுவதில்லை. உரக்க அரற்றுபவரைக் காட்டிலும் ஓசையின்றி வெளிறிக் கிடப்பவர் மரணத்துக்கு அணித்தாயிருக்கக்கூடும் என்பதை அறிந்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதே அதன் பொருள். நமக்கு அந்நிலை வருமாயின், நம்மையும் அவர் அவ்வாறே முந்தவிடுவார்.