உங்கள் விளையாட்டுக்கு உரிமம் இருக்கிறதா?

கோடை விடுமுறையில் கண் விழித்துப் பாடுபட்டு, ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தெரு நண்பன் ஓடி வருகிறான். "டேய், எனக்கும் ஒரு காப்பி கொடுடா!" என்கிறான். நீங்களும் கொடுத்துவிடுகிறீர்கள்.

அவன் அதை மாற்றி அமைக்கலாமா? பிறருக்குக் கொடுக்கலாமா? விற்றுக் காசாக்கலாமா? உங்கள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்லி வைப்பதுதான் மென்பொருள் உரிமம். 'லைசென்ஸ்' என்கிறோமே, அதுதான்!

"நான் எதுவுமே எழுதி வைக்கவில்லை. அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையா?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் கதை, கவிதைகளைப் போல இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது. நிரலை எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடும். நீங்கள் அனுமதி தராதவரை, பிறர் அதை நகலெடுத்துப் பரப்ப முடியாது. ஆக, உரிமம் எழுதாத நிரல் பூட்டிய வீடு மாதிரி!

பிளாப்பி சொன்ன பாடம்

1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார் லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 21. கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற நிரலை எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். "மூல நிரலோடுதான் கொடுக்க வேண்டும், இதற்காகக் காசு வாங்கக் கூடாது" என்று நிபந்தனையும் போட்டார்.

நல்ல எண்ணம்தானே? ஆனால் அதில் ஒரு சிக்கல் வந்தது. அப்போது இணைய வசதி எல்லோரிடமும் இல்லை. பிளாப்பி வட்டுகளில் பதிந்துதான் பலருக்கும் கொடுக்க வேண்டும். அந்த வட்டின் விலையைக்கூட வாங்கக் கூடாது என்றால், யார் கைக்காசைப் போட்டுக் கொடுப்பார்கள்? தன் நிபந்தனையே தன் நிரலுக்குத் தடையாக நிற்பதை லினஸ் புரிந்துகொண்டார்.

1992-இல் உரிமத்தை மாற்றினார். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் உருவாக்கிய ஜி.பி.எல். உரிமத்தைத் தேர்ந்தெடுத்தார். இதன்படி நிரலை விற்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும்!

இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களுக்குள் இருப்பது லினக்ஸ்தான். 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இந்த நிபந்தனை வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரவுட்டர் கருவிக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். உரிமத்தைச் சுட்டிக்காட்டியதும், நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. அதை வைத்துப் பிறந்ததுதான் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற இலவச மென்பொருள்!

எதைத் தேர்ந்தெடுப்பது?

* "யாரும் என்னவும் செய்துகொள்ளட்டும், என் பெயர் இருந்தால் போதும்" என்பவர்களுக்கு எம்.ஐ.டி. உரிமம். 200 சொற்களுக்கும் குறைவுதான். "பழுது வந்தால் நான் பொறுப்பல்ல" என்றும் அதில் இருக்கிறது.

* "நான் பகிர்ந்ததுபோல நீங்களும் பகிர வேண்டும்" என்பவர்களுக்கு ஜி.பி.எல்.

* படம், பாட்டு, கதை போன்றவற்றுக்கு 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இந்த வகையில்தான் வெளிவருகின்றன. ஸ்கிராட்ச்சில் நீங்கள் பகிரும் விளையாட்டுகளும் அப்படியே! அதனால்தான் அங்கே ஒருவரது விளையாட்டை இன்னொருவர் மாற்றிப் பார்க்க முடிகிறது.

அவசரப்படாதீர்கள்! ஒரு உரிமத்தில் கொடுத்துவிட்ட காப்பியை, "மனசு மாறிவிட்டது" என்று திரும்பப் பிடுங்க முடியாது. புதிய காப்பிக்கு மட்டும்தான் வேறு உரிமம் போடலாம். அதிலும் நண்பர்கள் சேர்ந்து எழுதியது என்றால், அவர்களின் சம்மதமும் வேண்டும். லினக்ஸில் இன்று ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு கலந்திருக்கிறது. லினஸே நினைத்தாலும் இனி தனியாக உரிமத்தை மாற்ற முடியாது!

இன்னொன்று. உங்கள் விளையாட்டில் பிறர் வரைந்த படத்தையோ, இசையையோ சேர்த்திருக்கிறீர்களா? முதலில் அதன் உரிமம் என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள். உங்களுக்குச் சொந்தமில்லாததற்கு நீங்கள் அனுமதி கொடுக்க முடியாதே!

சரி, உங்கள் நிரலைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் உங்கள் பெயர், ஆண்டு, உரிமத்தின் பெயர் மூன்றும் இருக்கின்றனவா? உரிமத்தின் முழு வாசகமும் ஒரு தனிக் கோப்பில் இருக்கிறதா? இல்லையென்றால், நண்பன் அடுத்த காப்பி கேட்டு வருவதற்குள் எழுதிவிடுங்கள்!